கேப்டனம்மாவின் புதுக் கூரை

அந்தப் படகுத் துறையில் கேப்டனம்மா என்றால் தெரியாதவர் கிடையாது. பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தப் படகை முதல் தடவை தண்ணீரில் இறக்கிய அன்று, "இனிமே என்னை இப்படித்தான் கூப்பிடணும்" என்று துறையில் நின்ற அத்தனை பேரிடமும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது, பெயர் நிலைத்து நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பத்து வயதில் கரையேற்றிய படகுகளின் அடியில் மல்லாந்து கிடந்து, ஒட்டின சிப்பியைச் சுரண்டினார். பதினைந்தில் பயணிகள் படகில் வாளியும் துடைப்பமும். இருபதில் கயிறு வீசுகிற வேலை. ஒரு நாள் நடுக்கடலில் படகோட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட, பதினாறு பயணிகளோடு படகைக் கரை சேர்த்தவர் இவர்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "கண்ணு இருக்கில்ல, பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து சுக்கானை அவர் கையிலிருந்து யாரும் வாங்கியதில்லை.

அவர் போய் வருகிற இடம் கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். சுண்ணாம்புக்கல் தீவுகள். எண்ணினவர்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். கேப்டனம்மாவின் கணக்கு நாற்பத்து மூன்று, அதுதான் சரியான கணக்கு. அலை அரித்து அரித்து அடி சிறுத்து, உச்சியில் காடு தழைத்து, ஒவ்வொரு தீவும் காளான் முளைத்தது மாதிரி நிற்கும். பாறை வெளியே பார்க்கத்தான் சாது. கை வைத்தால் ரம்பம். கீழே தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தால் பவளம், மேலே அண்ணாந்தால் வெள்ளைப் பறவைகள், நடுவில் பாறை இடுக்கில் உடும்பு படுத்துக்கொண்டு படகில் வருகிறவர்களை வேடிக்கை பார்க்கும்.

நடுவில் இருக்கிற பெரிய தீவுக்கு வயிற்றுக்குள் ஒரு குளம். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே திறந்த வானம், உள்ளே அசையாத கடல்நீர். அங்கே போக ஒரே வழி, பாறையைக் குடைந்து போகிற நாற்பதடிப் பொந்து. துறைக்காரர்கள் அதை வாசல் என்பார்கள். கடல் வற்றியிருக்கையில் வாசல் திறந்திருக்கும். நீர் ஏற ஏறச் சுருங்கி, ஏற்றம் முழுசானதும் அங்கே வாசல் இருந்த சுவடே இருக்காது. அந்த நேரத்தில்தான் கடலாமைகள் வாசலுக்கு அடியில் நீந்தி, குளத்தில் மேய வரும். ஆமை மேய்கிற நேரத்தில் எஞ்சின் படகு உள்ளே இருக்கக் கூடாது என்பது தீவுக் காவல் அலுவலகத்தின் சட்டம். தினமும் ஏற்றம் முழுசாகிற நேரத்துக்குக் காவலர் வந்து பாறைமேல் ஏறி உள்ளே எட்டிப் பார்ப்பார். ஒரு படகு கண்ணில் பட்டால் போதும், அந்தப் படகுக்குக் குள அனுமதி அன்றோடு ரத்து. அழுதாலும் புரண்டாலும் திரும்பக் கிடைக்காது. ஒரு காலத்தில் பதினைந்து படகுகளுக்கு இருந்த அனுமதி இப்போது ஏழு படகுகளுக்குத்தான். அந்த ஏழில் ஒரு தடவைகூடக் காவலரிடம் பேச்சு வாங்காத படகு ஒன்றே ஒன்று. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

அதற்கு அவர் வைத்திருந்த வழி சுலபமானது. வாசலின் உள்பக்கச் சுவரில் வெள்ளையாக ஒரு சிப்பி வரிசை ஒட்டியிருக்கும். நீர் ஏறி அந்தச் சிப்பியைத் தொட்டால் கிளம்ப வேண்டும். கடிகாரம் வேண்டாம், கடல் ஏறி இறங்குகிற நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை வேண்டாம். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சிப்பி அவரை ஏமாற்றியதில்லை.

அவருடைய வீட்டுக்காரர் தச்சர். துறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதினோரு படகு கட்டினவர். கட்டின படகு எதிலும் ஏறிக் கண்ணுக்கெட்டிய தூரம்கூடப் போனதில்லை. துறைப்பாலத்தில் கட்டிக் கிடக்கிற படகில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். சிப்பி சுரண்டுகிற பெண்ணும் பலகை இழைக்கிற பையனும் ஒரே படகின் அடியில் பேசிப் பழகிச் செய்துகொண்ட கல்யாணம் அது. அந்தப் படகு கரையில் இருந்தபடியால்தான் கல்யாணமே நடந்தது என்று துறையில் கேலி பேசுவார்கள்.

போன வருஷம் பழைய படகு உளுத்துப் போனது. பன்னிரண்டாவது படகுக்குத் தச்சர் மரம் அடுக்கியதும் கேப்டனம்மா ஒரு கட்டளை போட்டார். பழைய படகில் கூரை தாழ்வு. இருபத்தெட்டு வருஷமும் கழுத்தை மடக்கி உட்கார்ந்தேதான் ஓட்டினார். இனி முடியாது. கேப்டன் என்றால் நின்று ஓட்ட வேண்டும்.

"கூரை எவ்வளவு உயரம் வேணும்?" என்று தச்சர் கேட்டார்.

"நான் நிமிர்ந்து நின்னா என் தலைக்கு மேல நாலு விரல்."

"வாசல் எவ்வளவு உயரம்?"

"அதை நான் பாத்துக்கறேன். தினமும் நுழைஞ்சு வர்றவளுக்கு வாசலைப் பத்திச் சொல்லித்தர வந்துட்டாரு, துறைப்பாலத்தைத் தாண்டாதவரு!"

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கம்பத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடினால் கை ஏதோ செய்யப் போகிறது என்று அர்த்தம். இது கேப்டனம்மாவுக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

புதுப் படகின் முதல் ஓட்டத்துக்குப் பயணிகளை ஏற்றவில்லை. முதல் ஆளாக வீட்டுக்காரர்தான் ஏற வேண்டும் என்று கேப்டனம்மா ஒற்றைக் காலில் நின்றார். தச்சர் வயிற்றைக் காட்டினார், முதுகைக் காட்டினார், பாதி இழைத்த பலகையைக் காட்டினார். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த அவருடைய தங்கைதான் விடவில்லை. தங்கை கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஆகிருதியானவர், குரல் அதைவிட.

"அண்ணா, ஊருக்கெல்லாம் படகு கட்டிக் கொடுத்துட்டு நீ மட்டும் கரையில நின்னு கையாட்டறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. வயித்துக்குத்தான் நல்லா இருக்காது."

"ஒரு வாளி எடுத்துக்கோ. ஏறு."

தச்சர் வாளியோடும், கைப்பழக்கமாக மரச்சுத்தியலோடும் ஏறினார். வெளிக்கடலில் வாளிக்கு வேலை இருந்தது. டீச்சர் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டார், கேப்டனம்மா முதல் தடவையாக நின்றபடி சுக்கானைப் பிடித்துக்கொண்டார். எதிரே வந்த ஒவ்வொரு படகுக்கும் கை தூக்கினார். உட்கார்ந்திருந்தால் தெரியாதே.

பத்து மணிக்கு, கடல் நன்றாக வற்றியிருக்கையில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு கேப்டனம்மா காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டினார். அங்கே எல்லாப் படகோட்டிகளும் செய்கிற வேலை அது. வாசலுக்குள் பாறையைக் கையால் தள்ளித் தள்ளித்தான் படகை நகர்த்த வேண்டும், வெறுங்கை வைத்தால் தோல் மிஞ்சாது.

"செருப்பைக் கையில போடறதை இங்கதான் அண்ணி பாக்கறேன்" என்றார் டீச்சர்.

"இன்னும் என்னென்னவோ பாப்பீங்க. பேசாம உக்காருங்க."

புதுக் கூரைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. தச்சர் அண்ணாந்து பாறையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு கூரைக் கம்பத்தின் அடியை விரலால் ஒரு தடவை தடவினார். பயந்துவிட்டார் மனுஷன் என்று கேப்டனம்மா நினைத்துக்கொண்டார்.

உள்ளே போனதும் படகு நின்ற இடத்தில் நின்றது. அலை இல்லை, ஆட்டம் இல்லை. தச்சர் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன, குமட்டல் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு" என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி.

கேப்டனம்மா கண்ணாடிப் பெட்டியை எடுத்து நீட்டினார். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி. தண்ணீர்மேல் வைத்து முகத்தைக் குனிந்தால் கடலடி தெரியும். பயணிகளுக்காகத் தச்சரே செய்து கொடுத்தது. இதுவரை முப்பது பெட்டி செய்திருப்பார். ஒன்றிலும் எட்டிப் பார்த்ததில்லை.

படகின் விளிம்பில் குப்புறப் படுத்து முகத்தைப் பெட்டிக்குள் நுழைத்தவர் அரைமணி நேரம் நிமிரவில்லை. டீச்சர் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார், காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏம்மா, கீழே யாரோ உளி வச்சுக் கொத்தற மாதிரி சத்தம் கேக்குதே?"

"கிளிமீனுங்க. வாய் முழுக்கப் பல்லு. பவளத்தைக் கொறிச்சுக் கொறிச்சு மணலாத் துப்பும்."

"நம்ம தொழில்தான்னு சொல்லு."

"ஆமா. ஆனா அதுங்களுக்குக் கடல் ஒத்துக்குது."

தச்சர் சிரித்ததில் பெட்டிக் கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தார். மான் கொம்பு மாதிரி கிளைத்த பவளம், மூளை மாதிரி மடிந்த பவளம், மேஜை மாதிரி விரிந்ததன் அடியில் கட்டம் போட்ட மீன் குடும்பம். "இந்த மேஜைக்குக் கால் ஒண்ணுதான். இத்தனை அகலத்தை ஒரு கால்ல எப்படி நிறுத்தினான்?" என்று கேட்டார். யார் நிறுத்தினது என்று யாரும் கேட்கவில்லை. மேலே பாறையோரத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புப் பைகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்று சோம்பல் முறித்து இறக்கையை விரித்து மறுபடி போர்த்திக்கொண்டது.

கேப்டனம்மாவுக்கு மனசு நிறைந்து வழிந்தது. இத்தனை வருஷமாக ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டின குளம். வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் கையை விரித்து விரித்துச் சொல்லியும் புரியாத மனுஷனுக்கு இன்றைக்குப் புரிகிறது.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். ஓத அட்டவணை. வரும்போது துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கியது.

"அண்ணி, இன்னிக்குப் பெரிய ஏற்றமாம். சரசரன்னு ஏறும்னு கணக்குச் சொல்லுது. கிளம்பிடலாமா?"

"புத்தகம் எழுதினவன் எங்கேயோ உக்காந்து எழுதினான். நான் கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதோ சிப்பி தெரியுதா? தண்ணி அதைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கு."

"சிப்பி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

"என்கூடத்தான். மூணாங்கிளாஸ்."

நீர் சிப்பியைத் தொட்டபோது பன்னிரண்டரை. கேப்டனம்மா சொன்ன சொல் தவறாமல், தொட்ட அந்த நிமிஷமே படகை வாசலுக்குத் திருப்பினார். செருப்பைக் கையில் மாட்டினார். படகின் மூக்கு பொந்துக்குள் நுழைந்தது. அடுத்து கூரை வந்தது. 'டம்' என்று ஒரு இடி. மேலிருந்து சுண்ணாம்புப் பொடி டீச்சரின் தலையில் கொட்டியது. படகு பின்னால் துள்ளிக் குளத்துக்கே திரும்பியது.

கேப்டனம்மா கூரையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், சிப்பியைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. சிப்பி சொன்னது சரிதான். ஆனால் அது பழைய படகுக்குச் சொன்னது. தாழ்ந்த கூரைக்குப் பழகின அடையாளத்தை, ஒரு முழம் உயர்ந்த கூரையோடு வந்து நம்பியிருக்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரம்னு பாக்கட்டுமா?" என்றார் டீச்சர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அரைமணிக்கு ஒரு அடி ஏறுது. கூரையே இல்லாத படகா இருந்தாக்கூட, முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம் இந்தப் பொந்துல நுழையாது. மறுபடி திறக்கச் சாயங்காலம் ஏழாகும்."

ஏழு. இன்றைக்கு ஏற்றம் முழுசாவதும் காவலர் வருவதும் நாலு மணிக்கு. இருபத்தெட்டு வருஷம். பாறைமேல் காவலரின் தலை தெரியும், அவர் கண் இந்தப் புத்தம்புதுப் படகில் விழும், அதோடு சரி. நாளை முதல் மற்ற ஆறு படகுகளும் உள்ளே போவதை வாசலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். நின்றுதான் பார்க்க வேண்டும், கூரைதான் உயரமாயிற்றே.

"ரம்பம் இருக்கா?" என்றார் தச்சரிடம். "நாலு கம்பத்தையும் அறுத்துடுங்க."

"புது மரம்."

"போகட்டும். என் ஆசைக்குப் போட்டது, என் புத்திக்கு அறுக்கறேன். அறுங்க."

"ரம்பம் கொண்டு வரல."

"பின்ன என்னத்துக்கு வந்தீங்க!"

"நீதானே வரச் சொன்னே" என்றபடி தச்சர் மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு முதல் கம்பத்தின் அடியில் குந்தினார். கம்பம் பலகைக்குள் இறங்குகிற இடத்தில், பலகையோடு பலகையாக வர்ணம் பூசி, கட்டைவிரல் பருமனில் ஒரு ஆப்பு. இரண்டு தட்டுத் தட்டினார். ஆப்பு நழுவி உள்ளங்கையில் விழுந்தது. கம்பம் பல் விழப்போகிற மாதிரி ஆடியது.

கேப்டனம்மா அதையே பார்த்தார். "ஆணி அடிச்சு இறுக்கச் சொன்னேனே?"

"சொன்னே. நீ குடுத்தது உன் உயரம். வாசலோட உயரத்தைக் கேட்டேன், சொல்லல. தெரியாத அளவுக்கு நான் ஆணி அடிக்க மாட்டேன். ஆப்புதான் வைப்பேன்."

"அதை அன்னிக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

டீச்சர் பக்கென்று சிரித்துவிட்டார். "அண்ணி, சண்டையை வெளியில போய்ப் போடலாம். தண்ணி ஏறுது."

நாலு ஆப்பும் கழன்றன. கூரையை இரண்டு துண்டாகத்தான் செய்திருந்தார் தச்சர், அதுவும் யாரும் கேட்காமல். துண்டுகளை அடித்தளத்தில் பரப்பி, கம்பங்களை ஓரமாகச் சாய்த்து, மூவரும் அதன்மேல் மல்லாந்து படுத்தார்கள். இப்போது உள்ளே வருகிற நீரின் இழுப்பு பலமாக இருந்தது. ஒரு ஜோடிக் கை போதாது.

"செருப்பைக் கழட்டுங்க" என்றார் கேப்டனம்மா.

"என்னுது தோல் செருப்பு அண்ணி. போன வாரம்தான் வாங்கினேன்."

"பரவாயில்ல, பாறைக்குப் பிடிக்கும்."

மூன்று பேரும் கையில் செருப்பை மாட்டிக்கொண்டு கூரைப் பாறையில் ஊன்றித் தள்ளினார்கள். படகு இருட்டுக்குள் நுழைந்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் ஈரப் பாறை, அதில் நண்டுக் குஞ்சுகள் பக்கவாட்டில் ஓடின. இரண்டடி போனால் நீர் ஓரடி பின்னால் தள்ளியது.

"நான் சொல்றப்ப மட்டும் தள்ளுங்க. ஆளுக்கு ஒரு நேரம் தள்ளினா கிறுகிறுன்னு சுத்தத்தான் செய்யும். ம்... தள்ளு! விடு. ம்... தள்ளு! டீச்சரம்மா, மூச்சை விடுங்க, வயிறு இடிக்குது."

"இடிக்கிறது பாறை அண்ணி. நான் சும்மாத்தான் கிடக்கேன்."

சிரித்தால் கை தளரும். மூவருக்கும் சிரிப்பை அடக்குவது தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பத்து வயதில் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்த தோள்கள் கேப்டனம்மாவுடையவை, அவை எதையும் மறக்கவில்லை. பக்கத்தில் தச்சரின் தோளும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. நடுவில் ஓரிடத்தில், படகுக்குச் சற்றே அடியில், மேஜை அகலத்தில் ஒரு நிழல் எதிர்த்திசையில் வழுக்கிப் போனது. ஆமை, தன் நேரத்துக்கு வந்துவிட்டது.

"வழி விடுங்க, வீட்டுக்காரங்க வர்றாங்க" என்றார் தச்சர்.

கடைசி ஐந்தடி வெளிச்சத்தில் போனது. பாறை விலகி வானம் வந்ததும் மூவரும் எழுந்திருக்கவே இல்லை, அப்படியே கிடந்தார்கள். டீச்சரின் செருப்பில் பாதிதான் மிச்சம். தச்சரின் முழங்கையில் சிராய்ப்பு. கேப்டனம்மா எழுந்து திரும்பிப் பார்க்கையில் வாசல் ஒரு கறுப்புக் கீற்றாகச் சிறுத்திருந்தது.

தீவின் மறுபக்கத்து மணல் ஓரத்தில் படகை நிறுத்தி, வெகுநேரம் களைப்பாறி எழுந்த பிறகு கூரையை மாட்டினார்கள். மாட்டினது ஆப்பு இறக்குகிற நேரம்தான். கடைசிக் கம்பத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது காவல் படகு வந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார் காவலர்.

"என்ன கேப்டனம்மா, புதுப் படகா? ஆனா இந்த உயரத்தை வச்சுக்கிட்டு குளத்துக்கு எப்படிப் போவீங்க?"

கேப்டனம்மா நிமிர்ந்து நின்றார். தலைக்கு மேல் நாலு விரல் இடைவெளி, அளவு பிசகாமல். "கழட்டி மாட்டற கூரைங்க இது. வாசலுக்கு முன்னால எடுத்துடுவோம், வெளியில வந்து போட்டுக்குவோம். இந்தக் கடல்ல வேற ஒரு படகுல காட்டுங்க பாப்போம்!"

"அட! யாரோட யோசனை?"

கேப்டனம்மா வாயைத் திறந்தார். தச்சர் சுத்தியலால் ஆப்பை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார், யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் மட்டும் பாதிச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியின் முகத்தையே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரோடது" என்றார் கேப்டனம்மா. ஒரு மூச்சு விட்டுச் சேர்த்துக்கொண்டார், "ஆளைத் தேடிப் பிடிச்சுக் கட்டினது நான்."

காவலர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் போனார். பாறைமேல் ஏறி எட்டிப் பார்த்தார். குளத்தில் படகு எதுவும் இல்லை.

வெளிக்கடலில் படகு ஆடத் தொடங்கியதும் தச்சர் வாளியைத் தேடினார். டீச்சர் பழக்கப்பட்டவர் மாதிரி எடுத்து நீட்டினார். வாளிக்குள் தலையை விட்டபடியே தச்சர் ஏதோ கேட்டார், எஞ்சின் சத்தத்தில் விழவில்லை.

"என்னங்க?"

தலையைத் தூக்கினார். முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் இன்னும் குளத்துக்குள்ளேயே இருந்தது. "அந்த ஒத்தைக் கால் மேஜையைச் சரியாப் பாக்கல. மறுபடி எப்ப வத்தும்?"

கேப்டனம்மா கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு, நின்ற நிலை மாறாமல், சுக்கானை விடாமல், பக்கவாட்டில் மட்டும் திரும்பினார்.

"டீச்சரம்மா, அந்தப் புத்தகத்தை எடுங்க, பாப்போம்."